கம்பெனி கூட்டோடு பி.எச்டி.: சேரும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்த எம்.இ. பட்டதாரி ஒருவருக்கு ஐ.ஐ.டி. ஒன்றில் முழுநேர பி.எச்டி. இடம் கிடைத்திருக்கிறது. "ஒரு கம்பெனி பாதிப் பணம் போடத் தயாராக இருக்கிறது, பிரதமர் பெயரிலுள்ள ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்" என்று கைடு சொல்கிறார். ஸ்டைபண்ட் இரண்டு மடங்கு என்பது உண்மையா, கண்டுபிடிப்பதெல்லாம் கம்பெனிக்குப் போய்விடுமா, பேப்பர் போட விடுவார்களா, இதற்குப் பதில் டென்மார்க், பிரான்ஸ் பக்கம் முயற்சி செய்யலாமா, வேலையை இப்போதே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

சேரலாம் என்பதுதான் என் பதில். ஆனால் பணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்தக் கம்பெனி தன் பழுதான சாமான்களையும் சோதனைக் கணக்குகளையும் உங்கள் முன் திறந்து வைக்குமா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பணக் கணக்கை முடித்துவிடலாம்.

இரண்டு மடங்கு என்பது உண்மைதான். ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். எனும் முதுநிலைக்குப் போனதும் 42,000. உங்கள் கைடு சொல்லும் திட்டத்தில் அரசு ஒரு பங்கு தரும், கம்பெனி அதே அளவுக்கு இன்னொரு பங்கு போட வேண்டும். 37,000 என்றால் இரண்டும் சேர்ந்து 74,000. இதையும் பி.எம்.ஆர்.எஃப். என்ற இன்னொரு அரசு உதவித்தொகையையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டிலும் பிரதமர் பெயர் இருப்பதால். பி.எம்.ஆர்.எஃப். 2018 பட்ஜெட்டில் வந்தது. முதல் இரண்டு ஆண்டு 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, கடைசி இரண்டு ஆண்டு 80,000, அதோடு ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் என்பது தொடங்கியபோது அதன் கட்டமைப்பு. அதற்குக் கம்பெனி எதுவும் தேவையில்லை. உங்கள் கைடு சொல்வது வேறு. எஸ்.இ.ஆர்.பி. என்ற அரசு அமைப்பு சி.ஐ.ஐ. என்ற தொழில் கூட்டமைப்போடு சேர்ந்து தொடங்கியது அது. பிறகு சி.ஐ.ஐ.யின் இடத்துக்கு ஃபிக்கி என்ற இன்னொரு தொழில் கூட்டமைப்பு வந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எஸ்.இ.ஆர்.பி.யே ஏ.என்.ஆர்.எஃப். என்ற புதிய அமைப்புக்குள் போய்விட்டது. அதனால் பழைய பெயரில் தேடினால் பழைய விதிகள்தான் கிடைக்கும். நான் பார்த்த அறிவிப்புகளில் பி.எச்டி. பதிவு செய்து 14 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று இருந்தது. ஆண்டுக்கு 100 பேர் வரைதான் எடுப்பார்கள். கம்பெனி தயாராக இருந்தாலும் உங்களுக்குக் கட்டாயம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. கிடைக்காவிட்டால் கம்பெனி தன் பங்கை மட்டும் தனியாகத் தருமா, ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஐ.ஐ.டி. வழக்கமாகத் தரும் எச்.டி.ஆர்.ஏ. ஸ்டைபண்ட் உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

கம்பெனி ஏன் பணம் போடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் அரசு அங்கீகரித்த சொந்த ஆய்வுக்கூடத்துக்குச் செலவழித்தால் 200 சதவீதம் வரிக்கழிவு கிடைத்தது. 2017 ஏப்ரலில் அது 150 ஆனது, 2020 ஏப்ரலில் 100க்கு வந்துவிட்டது. அதாவது எந்தச் செலவுக்கும் கிடைக்கிற அதே கழிவுதான். அதற்குப் பிறகு கம்பெனியின் நிதிப் பிரிவில் ஆராய்ச்சி என்று பேச்செடுத்தால் "நமக்கு என்ன வரும், எப்போது வரும்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அந்தக் கேள்வியைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் விழும் என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

சரி, பழுதான சாமான்களுக்கு வருவோம். உங்கள் ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் அடியில், மேலிருந்து அழுத்தும் பளுவைத் தாங்க ஒரு த்ரஸ்ட் பேரிங் இருக்கிறது. மேலே கார்பன் தட்டு சுற்றும், கீழே லேசாகச் சாயக்கூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செக்மெண்ட்கள் நிற்கும். நடுவில் எண்ணெய் கிடையாது. மோட்டாருக்குள் நிரப்பிய தண்ணீர்தான் சில மைக்ரான் தடிமனுக்குப் படலமாகி மொத்தப் பளுவையும் தாங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பிரச்சினை இல்லை. ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு கணத்தில் படலம் இன்னும் உருவாகியிருக்காது, கார்பனும் ஸ்டீலும் நேராக உரசும். கிராமத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கி, ஒரு நாளைக்குப் பலமுறை மோட்டார் நின்று நின்று ஓடினால் அந்த உரசல் கூடிக்கொண்டே போகும். நடுவில் மணல் புகுந்தால் கேட்கவே வேண்டாம்.

வாரண்டியில் திரும்பி வந்த அந்தக் கார்பன் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் கதை தெரியும். வட்டம் வட்டமாகக் கீறல் ஓடியிருந்தால் மணல். ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் எங்கோ சாய்வு. வெப்ப விரிசல் இருந்தால் தண்ணீர்ப் படலம் இல்லாமல் ஓடியிருக்கிறது. இப்படி ஒரு நூறு தட்டு, ஒவ்வொன்றும் எந்த ஊர், என்ன ஆழம், எத்தனை மாதம் ஓடியது என்ற குறிப்போடு உங்கள் மேசைக்கு வந்தால், உலகத்தில் எந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலும் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. டெஸ்ட் ரிக்கை ஐ.ஐ.டி.யிலேயே கட்டிக்கொள்ளலாம், மென்பொருள் வாங்கிக்கொள்ளலாம். விவசாயியின் கிணற்றில் இரண்டு வருடம் கிடந்து செத்த பேரிங்கை ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாது. கம்பெனி கூட்டின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. மாதம் 37,000 அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

பல கம்பெனிகள் தயங்குவதும் இங்கேதான். பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வாரண்டி ரிட்டர்ன் விவரம் கேட்டால் "அது சர்வீஸ் டிபார்ட்மெண்ட்", "அது கான்ஃபிடென்ஷியல்" என்று தள்ளிக்கொண்டே போவார்கள். தோற்ற பொருளை வெளி ஆளிடம் காட்ட யாருக்கும் கூச்சம் இருக்கத்தானே செய்யும். ஆகவே முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: பழுதாகி வந்த சாமான்களை நான் பார்க்கலாமா, அறுத்துப் பார்க்கலாமா, எந்தப் பிரிவில் யாரிடம் கேட்க வேண்டும்? நேரான பதில் வந்தால் அந்தக் கம்பெனியோடு நான்கு வருடம் தாராளமாக வேலை செய்யலாம். மழுப்பல் வந்தால், அவர்கள் தேடுவது கூட்டாளியை இல்லை, குறைந்த சம்பளத்தில் ஒரு இன்ஜினியரை.

அடுத்தது, ஆய்வுக் கேள்வி. கம்பெனி உங்களிடம் சொல்வது "பேரிங் சீக்கிரம் போய்விடுகிறது, கோடை சீசனுக்குள் தீர்வு வேண்டும்" என்பதாக இருக்கும். அது வேலை, தீசிஸ் இல்லை. கார்பனின் கிரேடை மாற்றி, வடிகட்டியை மாற்றி ஆறு மாதத்தில் அதைத் தீர்த்துவிடலாம். தீர்த்தும் கொடுக்க வேண்டும். ஆனால் உங்கள் ஆய்வை மதிப்பிடும் டாக்டோரல் கமிட்டி முன் அதை வைத்தால், "இதில் புதிதாக என்ன தெரிந்தது?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார்கள். மணல் கலந்த தண்ணீரில், திரும்பத் திரும்ப நின்று ஓடும் நிலையில், அந்தப் படலம் எப்போது உடைகிறது, எவ்வளவு அளவுள்ள துகள் படலத்துக்குள் நுழைகிறது, செக்மெண்டின் சாய்வு அதை எப்படி மாற்றுகிறது என்று கேட்டால் அது தீசிஸ். இரண்டும் ஒரே பேரிங்தான். முதலாவது கம்பெனிக்கு, இரண்டாவது உங்களுக்கு. இரண்டையும் வேலைத் திட்டத்தில் தனித்தனியாக எழுதி, முதல் ஆண்டில் கம்பெனி கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் உங்கள் கேள்வியை நிம்மதியாகத் தொடரலாம்.

கேள்வி சரியானதா என்று பார்க்க நான் மாணவர்களிடம் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. நாளைக்கே கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டால் உங்கள் கேள்வி நிற்குமா? எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் மூன்றாம் ஆண்டில், பணம் போட்ட கம்பெனி அந்தப் பொருள் வரிசையையே வேறொருவருக்கு விற்றுவிட்டது. அவருக்கு உதவிய மேலாளரும் போய்விட்டார். ஆனால் அந்த மாணவியின் கேள்வி அந்தப் பொருளைப் பற்றியது இல்லை, அதற்குள் நடக்கும் இயற்பியலைப் பற்றியது. தீசிஸ் முடிந்தது. அதே கம்பெனியில், அந்தப் பொருளின் ஒரு பாகத்தை மேம்படுத்துவதே தலைப்பு என்று எடுத்திருந்த இன்னொருவர் தலைப்பையே மாற்ற வேண்டி வந்தது. மூன்றாம் ஆண்டில் தலைப்பு மாற்றுவது என்ன வேதனை என்று பி.எச்டி. செய்தவர்களுக்குத் தெரியும்.

இனி, கண்டுபிடிப்பு யாருக்கு என்ற கேள்வி. தொழிற்சாலைப் பணத்தில் பல்கலைக்கழக ஆய்வு என்ற ஏற்பாடு பிறந்த நாளிலிருந்தே இந்தக் கேள்வி கூடவே வருகிறது. 1907இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கென்னடி டங்கன் என்ற வேதியியல் பேராசிரியர் இதை முறைப்படுத்தினார். முதல் ஃபெலோஷிப் சலவைத் தொழிலுக்காக. பிறகு அவர் பிட்ஸ்பர்க் போனார். அங்கே அது மெல்லன் இன்ஸ்டிடியூட்டாக வளர்ந்தது. கான்சாஸில் அந்த ஏற்பாட்டில் லாரன்ஸ் ரெட்மன் என்பவருக்கு சிகாகோவின் கார்பென் என்ற ஃபர்னிச்சர் கம்பெனி பணம் கொடுத்தது. கேட்டது நல்ல வார்னிஷ். ரெட்மன் குழுவுக்குக் கிடைத்ததோ ஃபீனால் பிசின், அதாவது பிளாஸ்டிக். அதைச் செய்யத் தனிக் கம்பெனியே எழுந்தது, 1922இல் அது பேக்லைட் கார்ப்பரேஷனில் ஒன்றாகக் கலந்தது. நாற்காலிக்கு மெருகு கேட்டவர்களுக்குப் புதுப் பொருளே கிடைத்துவிட்டது! ஆய்வு என்றால் இப்படித்தான், கேட்டது ஒன்றும் கிடைப்பது ஒன்றுமாக இருக்கும். அதனால் ஒப்பந்தத்தில் "இந்தப் பொருள் தொடர்பாகக் கிடைப்பது யாருக்கு" என்று மட்டும் எழுதினால் போதாது. அந்தத் துறைக்கு வெளியே பயன்படும் ஒன்று கிடைத்தால் அது யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நியாயமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுவது: கம்பெனிக்கு அதன் தொழில் எல்லைக்குள் பயன்படுத்தும் உரிமை, மற்ற எல்லாவற்றுக்கும் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் உரிமை. கம்பெனி ஏற்கெனவே வைத்திருந்த அறிவும், உங்கள் கைடு பத்து வருடமாக உருவாக்கி வைத்திருக்கும் கணக்கீட்டு முறையும் இந்தப் பங்கீட்டுக்குள் வரக்கூடாது, அவரவருடையது அவரவருக்கு.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் ஐ.ஐ.டி.யும் கம்பெனியும்தான். அதனால் பல மாணவர்கள் அதன் நகலைக் கூடப் பார்ப்பதில்லை. கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், உங்கள் நான்கு வருடம் அதற்குள் இருக்கிறது. எது நியாயமான ஷரத்து என்று ஒப்பிட்டுப் பார்க்க, பல்கலைக்கழக, தொழில்துறைக் கூட்டு பற்றி பிரிட்டனில் 2003ஆம் ஆண்டு வந்த லாம்பர்ட் அறிக்கைக்குப் பிறகு உருவான மாதிரி ஒப்பந்தங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சட்டம் வேறு என்றாலும், எந்தெந்த இடத்தில் இரு தரப்பும் முட்டிக்கொள்ளும் என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

பெரிய ஒப்பந்தத்தைவிட நான் பயப்படுவது சின்னக் காகிதங்களுக்கு. 1988இல் மார்க் ஹொலோட்னி என்ற ஆய்வாளர் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார். தன் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுக்க ஒப்புக்கொள்வதாகக் கையெழுத்திட்டார். டி.என்.ஏ.வைப் பலமடங்கு பெருக்கும் பி.சி.ஆர். நுட்பம் கற்பதற்காக அவரை சீட்டஸ் என்ற கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே வருகிறவர்களிடம் வாங்கும் ரகசியக் காப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவத்தில், கண்டுபிடிப்பை இதன் மூலம் இப்போதே எழுதிக் கொடுக்கிறேன் என்று இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பின்னாளில் எச்.ஐ.வி. அளவிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. சீட்டஸின் பி.சி.ஆர். தொழிலை ரோஷ் என்ற மருந்துக் கம்பெனி வாங்கியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2011இல் ஸ்டான்ஃபோர்டு தோற்றது. இனி எழுதிக் கொடுப்பேன் என்ற வாக்குறுதியைவிட இப்போதே கொடுத்துவிட்ட காகிதம் ஜெயித்துவிட்டது. இந்தியச் சட்டம் வேறுதான், ஆனால் தொழிற்சாலைப் படிவங்கள் ஏறக்குறைய இதே வார்ப்பில்தான் இருக்கின்றன. செக்யூரிட்டி கேட்டில் நீட்டும் விசிட்டர் படிவம், டெஸ்ட் பெட் (சோதனை மேடை) அனுமதிப் படிவம், லேப்டாப் படிவம் எதுவானாலும், ரகசியம் காப்பது பற்றி மட்டும் இருந்தால் போடலாம். கண்டுபிடிப்பின் உரிமை பற்றி ஒரு வரி இருந்தாலும் போனில் படம் எடுத்துக் கைடுக்கு அனுப்பி, அவர் சொன்ன பிறகு போடுங்கள். வாசலில் அரை மணி நேரம் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

பேப்பர் போட விடுவார்களா? விடுவார்கள், வரிசையைச் சரியாக வைத்தால். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் பேப்பர் வெளிவந்தால் புதுமை போய்விடும், காப்புரிமை கிடைக்காது. மாநாட்டில் வாசிப்பதற்கெல்லாம் இந்தியச் சட்டத்தில் குறுகலான விதிவிலக்கு உண்டு, ஆனால் வெளிநாட்டுக் காப்புரிமைக்கு அது உதவாது. ஆகவே முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துவிட வேண்டும். முழு விவரக் குறிப்பைக் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் இருக்கிறது. விண்ணப்பம் போட்ட மறுநாளே பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பலாம். கல்வி நிறுவனங்களுக்கு 2021இலிருந்து காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை இருப்பதால் செலவு பெரிதில்லை. ஒப்பந்தத்தில் "கம்பெனி பேப்பரைப் படித்துக் கருத்துச் சொல்ல 60 நாள்; பதில் வராவிட்டால் சம்மதம் என்று பொருள்" என்ற மாதிரி ஒரு ஷரத்து இருந்தால் போதும். அந்தக் கடைசிப் பாதி முக்கியம். அது இல்லாவிட்டால் உங்கள் பேப்பர் யாரோ ஒருவருடைய மெயிலில் மாதக்கணக்கில் தூங்கும். "கம்பெனியின் முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது" என்று மொட்டையாக இருந்தால் அதற்கு ஒத்துக்கொள்ளவே வேண்டாம், எவ்வளவு பணம் என்றாலும்.

வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி உள்ள இடம் என்றால் இன்னொன்று. இந்தியாவில் வசிப்பவர் செய்த கண்டுபிடிப்புக்கு, இங்கே அனுமதி வாங்காமல் முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிக்கக் கூடாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது அனுமதி வாங்க வேண்டும். தலைமையகத்து வக்கீல்கள் அவசரத்தில் இதை மறந்துவிட வாய்ப்பு உண்டு. நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

தீசிஸே ரகசியமாகிவிடுமோ என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. யு.ஜி.சி. விதிக்குள் வரும் பல்கலைக்கழகங்களில் தீசிஸின் மின்பிரதி பொதுவில் வைக்கப்படும் தொகுப்புக்குப் போயாக வேண்டும்; ஐ.ஐ.டி.களுக்குத் தனி விதி. எங்கேயானாலும், கம்பெனியின் உண்மையான பரிமாணங்கள், சப்ளையர் பெயர், விற்பனைக் கணக்கு எதுவும் தீசிஸுக்குத் தேவைப்படாதபடி முதல் ஆண்டிலிருந்தே எழுதிப் பழகுங்கள். அளவுகளை விகிதங்களாக மாற்றினால், படலத் தடிமனையும் துகள் அளவையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு எழுதினால், எந்த மாடல் என்று யாருக்கும் தெரியாது, அறிவியலும் குறையாது. சொல்லப்போனால் எழுத்து இன்னும் பொதுவாக, மேலாகத்தான் ஆகும்.

கம்பெனிப் பக்கத்து வழிகாட்டி யார் என்று பாருங்கள். பதவி பெரிதாக இருப்பவர் உதவ மாட்டார், அவருக்கு நேரம் இருக்காது. டெஸ்ட் பெட்டை மாதம் இரண்டு நாள் உங்களுக்கு ஒதுக்கித் தர அதிகாரமும், பேரிங்கைப் பற்றிப் பேச ஆர்வமும் உள்ள ஒரு சீனியர் இன்ஜினியர் போதும். அவரோடு இன்னொருவர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நான்கு வருடத்தில் ஒருவராவது வேலை மாறுவார்.

இனி வெளிநாடு. அங்கே இதே எண்ணத்தை வேறு விதமாகக் கட்டியிருக்கிறார்கள். பிரான்சின் சிஃப்ரே திட்டம் 1981இலிருந்து நடக்கிறது. கம்பெனி உங்களை மூன்று ஆண்டுக்கு ஊழியராகவே எடுக்கும், அரசு அந்தக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 14,000 யூரோ மானியம் தரும், ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் சேர்கிறார்கள். டென்மார்க்கின் தொழில்துறை பி.எச்டி. இன்னும் பழையது, அங்கும் நீங்கள் கம்பெனி ஊழியர், அதே சமயம் பல்கலைக்கழக மாணவர். பிரிட்டனில் 1992இல் தொடங்கிய எங்டி என்ற பொறியியல் முனைவர் பட்டத்தில் நான்கு ஆண்டில் முக்கால் பங்கு நேரம் கம்பெனியிலேயே போகும். ஊழியர் என்பதில் பெரிய அனுகூலம் உண்டு: சம்பளம், காப்பீடு, விடுப்பு எல்லாம் சட்டப்படி வரும். சங்கடமும் உண்டு. ஊழியரின் கண்டுபிடிப்பு முதலாளிக்கு என்பதுதான் அங்கே பொதுவான நிலை. இந்தியத் திட்டத்தில் நீங்கள் முதலில் மாணவர், அதனால் பேரம் பேச இடம் அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வாளர் வலையமைப்புகளில் தொழில்துறை பி.எச்டி. என்று ஒரு வகை இருக்கிறது. பாதி நேரமாவது பல்கலைக்கழகத்துக்கு வெளியே கழிக்க வேண்டும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கடந்த 36 மாதத்தில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்பது முக்கியமான விதி. கோவையிலிருந்து போகிறவருக்கு இந்த விதி சாதகம்தான். அறிவிப்பில் போட்டிருக்கும் மாதத் தொகையைப் பார்த்து அசந்துவிடாதீர்கள். அதில் முதலாளி கட்ட வேண்டிய சமூகக் காப்பீடும் உங்கள் வருமான வரியும் அடக்கம், கைக்கு வருவது கணிசமாகக் குறையும்.

உங்கள் விஷயத்தில் நான் இங்கேயே இருக்கச் சொல்வேன். காரணம் தேசப்பற்று இல்லை, பேரிங். நீர்மட்டம் கீழே போய், வோல்டேஜ் ஆடி, மணல் ஏறும் ஆழ்துளைக் கிணறுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் இந்தக் கேள்விக்கான தரவு இருக்கிறது. கோபன்ஹேகனில் அது கிடைக்காது. காற்றாலை கியர்பாக்ஸ் பற்றிக் கேட்டிருந்தால் நானே டென்மார்க்குக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

இப்போதைய வேலையில் இருந்துகொண்டே, அங்கிருந்தபடியே பி.எச்டி.க்குப் பதிவு செய்யும் வெளிப்பதிவு முறையில் செய்யலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். ஐ.ஐ.எஸ்சி.யிலும் ஐ.ஐ.டி.களிலும் அதற்கு வழி இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தில் பார்ட்டைம் இருக்கிறது. கம்பெனியில் நல்ல ஆய்வுக்கூடமும், உங்கள் நேரத்தை மதிக்கும் மேலதிகாரியும் இருந்தால் அது அருமையான ஏற்பாடு. டிசைன் பிரிவில் அது கடினம். சீசன் வந்தால் எல்லாரையும் லைனில் இறக்கிவிடுவார்கள், தீசிஸ் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். முழுநேர இடம் கையில் இருக்கும்போது அதை விட வேண்டாம்.

கடைசியாக, ராஜினாமா. ஐ.ஐ.டி. சேர்க்கைக் கடிதம் எழுத்தில் வந்த பிறகு கொடுங்கள். கம்பெனி உதவித்தொகையை நம்பித் தேதி குறிக்காதீர்கள். அது பதிவுக்குப் பின் விண்ணப்பித்து, தேர்வாகி, ஒப்பந்தம் கையெழுத்தாகி வர மாதங்கள் ஆகும். அதுவரை சாதாரண ஸ்டைபண்டில் குடும்பம் ஓடுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் சேரும்போது போட்ட ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். விலகிய பிறகு போட்டிக் கம்பெனியோடு வேலை செய்வது பற்றியோ, அங்கே தெரிந்துகொண்டதைப் பயன்படுத்துவது பற்றியோ ஷரத்து இருக்கலாம். பணம் போடப்போவதும் பம்ப் கம்பெனி என்றால், அதைக் கைடிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். பழைய கம்பெனியின் வரைபடம், கோப்பு எதையும் பென் டிரைவில் எடுத்துவராதீர்கள். ஒப்பந்த வரைவு வந்ததும் மேலே சொன்ன இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, ஐ.ஐ.டி.யின் தொழில்துறை ஆலோசனைப் பிரிவில் நேரம் கேட்டு உட்காருங்கள். அங்கே இருப்பவர்கள் இப்படி நூற்றுக்கணக்கில் பார்த்தவர்கள், மாணவர் நேரில் வந்து கேட்டால் பொறுமையாகவே விளக்குவார்கள்.